அறை ஒதுக்கீட்டையும் கவனிக்க வேண்டும்
விடுதியில் சேர்ந்து வாழும் இளநிலை மாணவர்கள் கல்லூரியைத் தமதாக உணர்கிறார்கள் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை கூறுவதை ஏற்கிறேன். ஆனால் யாருடன் தங்க வைக்கப்படுகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். படிப்பைப் பாதியில் விடுவோரைப் பற்றி 1975இல் எழுதிய அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ, பாடத்தோடு மட்டுமன்றிச் சக மாணவர்களோடும் ஒன்றுவதே ஒருவரைக் கல்லூரியில் நிலைக்கச் செய்யும் என்றார்.

வேலூரில் இதைக் கண்கூடாகக் காணலாம். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகமான விஐடியின் விடுதிகளில் பல மாநில மாணவர்கள் ஒன்றாக வசிக்கிறார்கள். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பயில்வோரில் பலரோ, ஆம்பூர், குடியாத்தம், ஆரணி எனப் பழைய வட ஆற்காட்டின் ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து, கடைசி வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். மாலை நேர நூலகமும் மைதானமும் தேர்வுக்கு முந்தைய கூட்டுப் படிப்பும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2025இல் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர் மாற்றப்பட்ட அரசின் ஆதிதிராவிடர் நல விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் முதல் பட்டதாரிகளை உருவாக்கியவை. அவற்றுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் நலத்துறைவாரியாகப் பிரிந்த அவ்விடுதிகளில் பிற சமூகத்தினருடன் அறையைப் பகிரும் வாய்ப்பு குறைவு. கல்லூரி விடுதிகளிலாவது முதலாண்டில் ஊரும் மொழியும் சமூகமும் கலந்து அறை ஒதுக்க வேண்டும். வந்து போகும் மாணவர்களும் மாலையில் அமர்ந்து படிக்க, விடுதியின் பொதுக்கூடத்தைத் திறந்துவிட வேண்டும்.