கூடலூர் மாணவி கேட்ட கேள்வியை விட்டுவிட்டீர்களே

ஊட்டிக் கல்லூரி ஒன்றின் மாணவர் அரசியல் மன்றத்தில் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் பேசியதை உங்கள் பத்திரிகையில் போட்டிருக்கிறீர்கள், சரி. 'இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும்' என்பதா தலைப்பு? அது எல்லாரும் சொல்வதுதானே! மகளைக் கூட்டிப் போக வந்த நானும் கடைசி பெஞ்சில் இருந்தேன். கூடலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, "பிரிவு 17 நிலத்தில் இருக்கிற எங்க வீட்டுக்கு எப்போ சார் கரண்ட் வரும்?" என்றாள். அதுவரை மைக்கே தேவையில்லாமல் முழங்கியவர், ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களிடமிருந்து நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது; அதன் 17-ஆம் பிரிவில் சேர்ந்து, யாருக்கு உரிமை என்று முடிவாகாமல் கிடந்த நிலத்தைத்தான் அவள் சொன்னாள். அவள் அப்பாவே அப்போது பிறந்திருப்பாரா, சந்தேகம்தான்.

அப்புறம் அவர் மழுப்பவில்லை, அதையும் சொல்லணும். "சட்டமன்றத்தில் கேட்டேன், பரிசீலனையில் இருக்கு என்றார்கள். 234 பேரில் நம்ம மாவட்டத்துக்கு மூணு பேர்தான், குரல் எடுபடலைம்மா" என்றார். எனக்கு அந்த ஒரு பதில்தான் பேச்சாகப் பட்டது. நிருபர் அதற்குள் டீ குடிக்கப் போய்விட்டாரோ என்னவோ. தேர்தலில் நிற்க 25 வயது ஆகணும். அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் இருக்கிறது.