தையல் பக்கத்தில் ஒளிந்திருந்த அரசியல்

சர்வாதிகாரம் என்றதும் சிறை, துப்பாக்கி, தணிக்கை என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். 1975 வரை ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் காலத்தில் அதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது, அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு அச்சடித்த பத்திரிகைகள்தான்.

'ஃப்ளெச்சாஸ் இ பெலாயோஸ்' என்று ஒரு வார இதழ். உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, 1938இல் தொடங்கியது. ஆசிரியர் ஹுஸ்தோ பெரெஸ் தெ உர்பெல், பெனடிக்டைன் என்ற கத்தோலிக்க சபையைச் சேர்ந்த துறவி. 'பேரரசின் வழியே கடவுளிடம்' என்பது இதழின் முழக்கம். உள்ளே மரி பெப்பா என்ற சிறுமியின் கதை வரும். பெண் பிள்ளைகள் அவளுக்காகத்தான் இதழைப் பிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் சிறுவயதில் படக்கதைப் பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன். முழக்கத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை, வாரா வாரம் கண்ணில் பட்டால் போதாதா?

பிராங்கோ ஆட்சியின் ஒரே கட்சியான ஃபலாங்கேயின் பெண்கள் பிரிவும் சும்மா இருக்கவில்லை. முதலில் பெரியவர்களுக்கு 'ஒய்' (Y) என்ற இதழ். பழைய ஸ்பானிய எழுத்துமுறையில் 15ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் இசபெல் ராணியின் பெயருக்கு முதலெழுத்து அது. அப்புறம் 1947இல் சிறுமிகளுக்கென்று 'பசார்'. ஊசி நூல், அடுப்படி, ஜெபம் என்று பார்க்க அழகாகவே இருக்கும். நல்ல பெண் வீட்டில் இருப்பாள், விட்டுக்கொடுப்பாள் என்பதுதான் சாரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்மாதிரியாகக் காட்டியவர்களில் ஒருவர்கூட வீட்டோடு கிடந்தவர் இல்லை. இசபெல் நாடாண்டவர். பெண்கள் பிரிவு தன் பாதுகாவலராக வைத்துக்கொண்ட 16ஆம் நூற்றாண்டுக் கன்னியாஸ்திரி அவிலாவின் புனித தெரசாவோ, ஊர் ஊராக அலைந்து 17 மடங்களை நிறுவியவர். அவர் எழுத்தை, மதத்துக்கு மாறான கருத்துகளை வேட்டையாடிய திருச்சபையின் மத விசாரணை மன்றமே சந்தேகத்தோடு பார்த்தது. பிரிவின் தலைவி பிலார் ப்ரிமோ தெ ரிவேரா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1934 முதல் 1977 வரை, அந்த அமைப்பைக் கலைக்கும்வரை, பதவியில் இருந்தார். ஊருக்குத்தானே உபதேசம்!

பத்திரிகைக்கு மசியாத பெண்ணுக்கும் வழி வைத்திருந்தார்கள். 1937இல் வந்த 'சமூக சேவை' ஆணைப்படி, மணமாகாத பெண்கள் ஆறு மாதம் இலவசமாக உழைக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அரசு வேலை கிடைக்காது. பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கும் கேட்டார்கள்.

இறந்த தெரசாவின் உடலிலிருந்து எடுத்துப் பாதுகாத்து வந்த இடது கையைப் புனிதப் பொருளாக, தான் சாகும்வரை பக்கத்திலேயே வைத்திருந்தார் பிராங்கோ. 1975இல் அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கை ரோண்டா ஊர் மடத்துக் கன்னியரிடம் திரும்பிப் போனது.