எல்லாம் டூப்ளிகேட்டாம்!

நேற்று வந்த அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். ஆம்ஸ்டர்டாமில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டில், நாற்காலி எல்லாம் டூப்ளிகேட், காசு வேஸ்ட்" என்று நண்பர் எழுதியது. கீழே வரிசையாக ஹாஹா வேறு. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

ரெம்பிராண்டின் சாமான் ஏன் அங்கே இல்லை தெரியுமா ஐயா? கடனுக்குப் போய்விட்டது. 1639இல் 13,000 கில்டருக்கு (அந்தக் கால டச்சுக் காசு) பேசி வாங்கிய வீடு. பாக்கியை அடைக்க முடியாமல் 1656இல் திவால். ஆட்கள் வந்து அறை அறையாக எழுதினார்கள், 363 வரி. ஓவியங்கள், சங்கு சிப்பி, தலைக்கவசம், ஏன், வெளுக்கப் போட்டிருந்த சட்டையும் கைக்குட்டையும்கூட விடவில்லை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் வீட்டை மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். அது டூப்ளிகேட்டாம்!

சரி, ஒரிஜினலே வேண்டுமென்றால் அவர் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படங்கள் அங்கேயே இருக்கின்றனவே. கண்ணில் படவில்லையா? செல்ஃபி எடுக்கவே நேரம் சரியாக இருந்திருக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். தாத்தா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு எங்கள் வீட்டுக்கு ஜப்தி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அமீனா கூடத்தில் நின்று எழுதினார்: 'தேக்கு ஊஞ்சல் பலகை 1, சங்கிலி 4.' அந்தப் பலகையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். "இறங்கு தம்பி" என்றார், மரியாதையாகத்தான். ஆம்ஸ்டர்டாமில் அந்தச் சங்குகளையும் சிப்பிகளையும் பார்த்தபோது எனக்குச் சங்கிலிச் சத்தம்தான் கேட்டது. அதற்கும் ஹாஹா போடுங்கள்.

டிக்கெட் விலை அதிகம் என்பார்கள். அதிகம்தான். மாடிப்படி குறுகல், கூட்டம் வேறு. ஒப்புக்கொள்கிறேன். "அந்த ஆள் ஊதாரி, ஏலத்தில் கண்டதையும் வாங்கிக் குவித்தார், கடன் கொடுத்தவன் கேட்க மாட்டானா?" என்றும் யாராவது வருவார்கள். வாங்கினார்தான். கடன் கொடுத்தவனுக்காகப் பேச எப்போதும் ஆள் கிடைக்கும். எங்கள் தாத்தாவையும் ஊதாரி என்றுதான் சொன்னார்கள், அதுவும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே. சொன்னவர்களில் ஒருவர் வீட்டில்தான் அந்த ஊஞ்சல் இப்போது ஆடுகிறது. போன வருஷம் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது, உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம், ஹாஹா போட்ட ஏழு பேரில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.