சீலாவும் சூடையும் வெறும் நம்பரா?

புரோகிராமில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் (Git), தமிழ் ஃபைல் பெயரை வெறும் நம்பராகக் காட்டுவதை மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன், நேற்று ராத்திரியோடு பொறுமை போய்விட்டது. மண்டபத்தில் மீன் ஏலக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்காக ஒரு கணக்கு புரோகிராம் எழுதுகிறேன், மீனுக்கு ஒரு ஃபைல், பெயரெல்லாம் தமிழில்தான், சீலா, சூடை, காரல், நெத்திலி என்று, ஏனென்றால் நாளைக்கு அதைத் திறந்து பார்க்கப் போகிறவர் அவர். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ல் முடிகிறது. படகு இறங்குவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

எந்த ஃபைலை மாற்றினேன் என்று பார்க்க கிட் ஸ்டேட்டஸ் (git status) என்று கட்டளை அடித்தால், \340\256\232\340\257\200 என்று ஆரம்பித்து நீளமாக ஓடுகிறது. 'சீலா' இரண்டே எழுத்து, அதற்கு 12 நம்பர். 'சூடை'க்கும் 12. முதல் ஐந்து நம்பரும் அச்சு அசல் ஒன்று, ஆறாவதில்தான் சீலாவுக்கு 200, சூடைக்கு 202! கரண்ட் போய்ப் போய் வந்த நடுராத்திரியில் எந்தக் கண்ணுக்கு இது தெரியும்? சீலாவில் செய்த மாற்றத்தைத் தூக்குவதாக நினைத்து, அரை நாள் உட்கார்ந்து ஏற்றிய சூடை விலையைத் தூக்கிவிட்டேன். கமிட் செய்யாத, அதாவது கிட்டில் இன்னும் பதிந்து வைக்காத வேலை, போனது போனதுதான்.

இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். கிட்டின் அமைப்பான கான்ஃபிக்கில் கோர்.குவோட்பாத் (core.quotepath) என்பதை ஃபால்ஸ் (false) ஆக்கினால் அடுத்த நொடியே தமிழ் தமிழாகத் தெரிகிறது. அப்படியென்றால் முதலிலேயே ஏன் அப்படி வைக்கவில்லை? ஆஸ்கி என்ற ஆங்கில எழுத்துப் பட்டியலைத் தாண்டிய எழுத்தெல்லாம் 'வழக்கத்துக்கு மாறானவை' என்ற கணக்கில்தான் அதன் கையேடே பேசுகிறது. யாருடைய வழக்கத்துக்கு? உலக எழுத்துகளுக்கெல்லாம் நம்பர் தரும் யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்துவிட்டது, கிட் பிறந்தது 2005ல். பதினான்கு வருஷம் முன்னால் வந்து உட்கார்ந்திருந்த எழுத்து வழக்கத்துக்கு மாறானதா?

அதைவிட எரிச்சல், எங்கள் டீமில் ஒரு சீனியரிடம் சொன்னால் "ஃபைல் பேரை இங்கிலீஷ்லயே வச்சுட்டுப் போயேன் தம்பி" என்கிறார். ஏன் வைக்க வேண்டும்? சித்தப்பா ஐம்பது வருஷமாகச் சூடையைச் சூடை என்றுதான் கூவி விற்கிறார். என் கம்ப்யூட்டருக்காக அவர் ஏன் வேறு பெயர் படிக்க வேண்டும்?

கட்டளை அடிக்கும் டெர்மினலில் இன்னும் 'சீ'யின் சுழி தள்ளித்தான் நிற்கிறது, சரி, அந்த ஃபான்ட்டையும் இன்றைக்கே மாற்றுகிறேன். அப்புறம் சூடை விலையை முதல் வரியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.