வெயில்ல பார்த்துட்டு ‘செம கிளியர்’னா எப்படி?

பத்தாயிரம், பதினைஞ்சாயிரம் ரூபாய் பைனாகுலருக்கு ரிவ்யூ தேடினால் கிடைப்பது என்ன? டப்பாவைப் பிரிப்பது, பையைக் காட்டுவது, மொட்டைமாடி வெயிலில் நின்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து “செம கிளியர் மக்களே!” அடப் போங்கப்பா. அந்த வெயிலில் கண்பாப்பா இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும். லென்ஸின் நடுப்பகுதி தரும் ஒளி மட்டுமே உள்ளே போகும். ஓரத்துக் குறையெல்லாம் ஒளிந்துகொள்ளும். 8x42-ல் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) கண் பக்கம் வெளியே வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ. (42-ஐ 8-ஆல் வகுத்தால் வந்துவிடும்). அதன் யோக்கியதை பொழுது சாய்ந்து கண்பாப்பா விரியும்போதுதான் தெரியும்.

அதிலும் டப்பாவில் போட்ட 42 உண்மையிலேயே 42தானா? ஃபோகஸை வெகுதூரத்துக்கு வையுங்கள். கண் வைக்கும் பக்கம் ஒரு அடி தள்ளி செல்போன் டார்ச், முன் லென்ஸை ஒட்டி ஒரு வெள்ளைத்தாள். தாளில் விழும் வட்டத்தை ஸ்கேலால் அளந்தால் 36தான் வருகிறதா? உள்ளே ஏதோ ஒன்று வெளிச்சத்தை மறைக்கிறது. கால்பங்குக்கு மேல் ஒளி அங்கேயே போச்சு. காசு மட்டும் 42-க்கு!

‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’, அதாவது எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் ஒளி திரும்பாமலிருக்கப் பல அடுக்குப் பூச்சு என்பது இன்னொரு கூத்து. கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அப்படிப் பத்து இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. முன் லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். பச்சையும் ஊதாவுமாக வரிசையாகத் தெரியும் பிம்பங்களுக்கு நடுவே ஒன்று பளிச்சென்று வெள்ளையாக நின்றால், அந்தப் பரப்பில் பூச்சே இல்லை. ‘ஃபுல்லி’யாம்.

ரூஃப் பிரிசம் (நேர்குழல்) மாடலில் ஃபேஸ் கோட்டிங் (பிரிசத்தின் மேல் பூசும் தனிப் பூச்சு) உண்டா என்று கேட்டால் “வாட்டர்ப்ரூஃப் சார்” என்கிறார் கடைக்காரர். கேட்டது என்ன, சொல்வது என்ன! ஃபேஸ் கோட்டிங் இல்லாவிட்டால், பிரிசத்தில் இரண்டாகப் பிரிந்த ஒளி திரும்பச் சேரும்போது அலைகள் முன்பின்னாகி, பறவையின் இறகுக் கோடுகள் மசமசவென்று ஆகிவிடும். எவ்வளவு ஃபோகஸைத் திருகினாலும் தீராது. (இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வலது கண் வளையத்தைத் தொடாமலே “மங்கல்” என்று ஒரு ஸ்டார் போடுகிறவர்கள் தனி ரகம்.)

டவர் உச்சியில் உட்கார்ந்த காக்காவுக்கு வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஊதாக்கரை கட்டினால் இந்த விலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்காத குழல் கோணலைப் பொறுக்கவே முடியாது. தூரத்து மாடியின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி, பைனாகுலரைச் சாய்க்காமல் மெதுவாகக் கண்ணிலிருந்து அரைச் சாண் விலக்குங்கள். சுவர் விளிம்பு இடது வட்டத்தில் ஒரு உயரம், வலதில் ஒரு உயரமா? அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மூளை கொஞ்ச நேரம் இரண்டையும் இழுத்துப்பிடித்து ஒட்டவைக்கும், அப்புறம் தலைவலி. கேட்டால், “புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்” என்று ஒரு பதில். செருப்பா கடிக்குது, பழகுறதுக்கு?