காது சரியில்லை என்று அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள்

கற்றே தராத ஒன்றில் தேர்வு மேல் தேர்வாக வைப்பார்களாம். பிள்ளைக்கு மதிப்பெண் வரவில்லை என்றால், "உனக்குக் காது சரியில்லை" என்பார்களாம். இது என்ன நியாயம்? பக்கத்து வீட்டுப் பெண் மேல்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். போன வாரம் வந்த மாதிரித் தேர்வில் ஆங்கிலம் கேட்டல் பகுதியில் 30-க்கு 16.5 வாங்கியிருக்கிறாள். அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "எனக்கு மொழி கேட்கிற காதே இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டாள். அப்போது பற்றிக்கொண்ட ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் இருப்பது சீனாவின் செஜியாங் மாகாணத்து யீவூ. சின்னச் சின்னப் பொருட்களின் மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். சுமார் 75,000 கடைகள் கொண்ட சந்தை, அதை நம்பி உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்து போகும் வியாபாரிகள், அவர்களுக்காகச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் என் போன்றவர்கள். அந்தப் பெண்ணின் அம்மா சந்தையில் தலைமுடி கிளிப் கடை வைத்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

காவ்காவ் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மொத்தம் 750 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 150. கேட்டலுக்கு 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1.5 வீதம் 30. வாசித்துப் புரிந்துகொள்வதற்கு 50. ஆக 150-இல் 80 மதிப்பெண், காதால் கேட்டதும் கண்ணால் படித்ததும் புரிகிறதா என்பதற்குத்தான். பாதிக்கும் மேல்! அப்படியென்றால் பள்ளியில் பாதி நேரமாவது புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டாமா? சொல்லிக்கொடுப்பதில்லை. புரிந்ததா புரிந்ததா என்று கேள்வி மட்டும்தான் கேட்கிறார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவியை நாளுக்குப் பத்து முறை வாயில் வைத்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

கேட்டல் வகுப்பு என்ற பெயரில் நடப்பது இதுதான். சுவரில் மாட்டிய ஒலிபெருக்கி கரகரக்கும். முதலில் மாதிரிக் கேள்வி வரும்: சட்டை என்ன விலை? 19 பவுண்டு 15 பென்ஸ், 9 பவுண்டு 18, 9 பவுண்டு 15 என்று மூன்று விடைகள். சரியான விடை மூன்றாவது. சீனாவில் பள்ளிப் படிப்பு முடித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் அந்தச் சட்டையின் விலையைச் சொல்வார்கள். பிறகு ஐந்து சிறு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அப்புறம் நீளமானவை, இரண்டு முறை. மொத்தம் இருபது நிமிடம். முடிந்ததும் ஆசிரியர் விடைகளைப் படிப்பார், பிள்ளைகள் திருத்துவார்கள். தவறு அதிகமானால் ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைக் கொடுத்து "இதோ, இந்த வரியில்தான் விடை இருக்கிறது, அடிக்கோடிடுங்கள்" என்பார். கேட்டலில் தவறு செய்த பிள்ளைக்குக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யச் சொல்லிக்கொடுத்தால் காது எப்போது பழகும்? அடுத்த வாரம் அடுத்த தாள். அதே கதை.

அந்தப் பெண்ணின் தாளை எடுத்துக்கொண்டு, கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு உட்கார்ந்தேன். ஓர் உரையாடல். வெள்ளிக்கிழமை சாப்பிட வர முடியுமா என்று ஒருத்தி கேட்கிறாள், அன்று முடியாது என்று அவன் சொல்கிறான். இவள் "வருவான்" என்ற விடையைக் குறித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அவன் 'கேன்' என்றுதானே சொன்னான்? முடியாது என்றால் கடைசியில் 'ட்' கேட்டிருக்க வேண்டுமே, கேட்கவில்லையே" என்றாள்.

எவ்வளவு சரியாகக் கவனித்திருக்கிறாள்! அந்த 'ட்' உண்மையில் கேட்கவில்லை. அமெரிக்க உச்சரிப்பில் அதை வாய்க்குள்ளேயே அடைத்துவிடுவார்கள். முடியும் என்றால் அந்தச் சொல் 'கன்' என்று மெலிந்து ஓடிவிடும். முடியாது என்றால்தான் 'கேன்' என்று அழுத்தி, சற்று நீட்டி வரும். காதில் பிடிக்க வேண்டியது கடைசி எழுத்தை அல்ல, நடுவில் இருக்கும் அழுத்தத்தை. இதை நான் இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினேன். நாலைந்து முறை கேட்டதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்லச் சொல்ல முடியும், முடியாது என்று பிசகாமல் சொன்னாள். காது சரியில்லாத பிள்ளையா இது?

இவள் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியது மூன்றாம் வகுப்பில். 2001-லேயே ஆரம்பப் பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்று அரசு அறிவித்துவிட்டது. பத்தாவது ஆண்டாகப் படிக்கிறாள். 3,500 சொற்கள் கொண்ட தேர்வுப் பட்டியல் தலைகீழ்ப் பாடம். பத்து ஆண்டுகளில் ஒருவர்கூட இவளிடம் ஆங்கிலச் சொற்கள் பேச்சில் மெலியும், ஒன்றோடொன்று ஒட்டும், பாதி விழுங்கப்படும் என்று சொல்லவில்லை. இதைச் சீனப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? பொதுச் சீனத்தில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லையென்றால் ன், ங் போன்ற ஓரிரு ஒலிகளில் முடியும். ட், ப், க் என்று அடைத்து முடிகிற அசையே கிடையாது. மெய்யெழுத்துகள் கூட்டமாக வருவதும் கிடையாது. அந்தக் காதுக்குள் 'ஷுடவ்டோல்டிம்' என்று ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் வந்து விழுந்தால் எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்? அதையே தாளில் 'ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்' என்று நான்கு சொல்லாகப் பிரித்து ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் பொருள் சொன்னாள். தெரிந்த சொற்களைத்தான் காதால் அடையாளம் காண முடியவில்லை. இதற்கு மருந்து தெளிவானது. துண்டு துண்டாக நிறுத்திப் போட்டு, கேட்டதை எழுதவைத்து, எங்கே தவறியது என்று காட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு தாளின் பாதியை முடித்துவிடலாமே என்று கணக்குப் போடுகிறார்கள்.

அதைவிடக் கொடுமை, சொல்லிக்கொடுக்கிற தந்திரங்கள். சிறு உரையாடலில் காதில் விழுந்த சொல் எந்த விடையில் அப்படியே இருக்கிறதோ அதைக் குறிக்காதே, அது பொறி. இதை வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். நினைத்துப் பாருங்கள். கஷ்டப்பட்டு ஒரு சொல்லைப் பிடித்த பிள்ளையிடம், நீ பிடித்ததை நம்பாதே என்று சொல்வதா கல்வி? மூன்று விடை நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குட்டையைக் குறி, மூன்று குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் இருந்தால் நீளத்தைக் குறி என்று ஒரு பாட்டே இருக்கிறது. இதெல்லாம் ஆங்கிலமா?

இப்போது அவளுடைய அம்மாவைப் பற்றி. அந்த அம்மாள் ஆங்கிலம் படித்ததே இல்லை. கடையில் நின்று கற்றுக்கொண்ட ஆங்கிலம்தான். ஆனால் நைஜீரியாக்காரர் பேசினாலும், ஆப்கானியர் பேசினாலும், மும்பையிலிருந்து வந்தவர் பேசினாலும் அவருக்குப் புரிகிறது. பதினைந்தா ஐம்பதா என்று சந்தேகம் வந்தால் கால்குலேட்டரில் தட்டி நீட்டுவார். வாங்க வந்தவர் தலையாட்டினால் சரி, இல்லையென்றால் இவர் மறுபடியும் கேட்பார். ஒரு டஜனுக்கா ஒரு பெட்டிக்கா, எந்த நிறம், எந்தத் தேதிக்குள் என்று எதையும் அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. எதிரில் ஒரு மனிதர் நிற்கிறார், அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்தால்தான் வியாபாரம் நடக்கும், தெரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். உலகத்தில் எல்லோரும் மொழி கற்றுக்கொண்டது இப்படித்தான். மகளுக்கு மட்டும் திரும்பக் கேட்க உரிமை இல்லை, முகம் பார்க்க உரிமை இல்லை, ஒரே தடவை, கரகரக்கும் ஒலிபெருக்கி. அந்த அம்மாளே மகளைப் பார்த்து "இவ்வளவு செலவு செய்தும் உனக்குக் கேட்கத் தெரியவில்லையே" என்கிறார். எனக்கு வாய்வரை வந்தது. வயதில் மூத்தவர், அடக்கிக்கொண்டேன்.

இத்தனை வெளிநாட்டுக்காரர்கள் நடமாடும் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெண் ஒருவரிடமும் பேசியதில்லை. எப்போது பேசுவாள்? விடியற்காலையில் உரக்கப் படிக்கும் நேரம், இரவு ஒன்பதரை தாண்டியும் பள்ளியிலேயே சுயபடிப்பு. சின்ன வகுப்பில் இணையவழியில் பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஒருவர் அவளோடு பேசிக்கொண்டிருந்தாராம். 2021 ஜூலையில் பிள்ளைகளின் படிப்புச் சுமையைக் குறைக்கிறோம் என்று வந்த உத்தரவில், வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்து வகுப்பு நடத்துவதையும் தடைசெய்துவிட்டார்கள். தனிவகுப்பு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தியதில் எனக்கு வருத்தமில்லை, பெற்றோரைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவளோடு ஆங்கிலத்தில் பேசிய ஒரே மனுஷி அவர். பேச்சு போனது. தாள்கள் போகவில்லை.

வாசிப்பும் இதே லட்சணம்தான். நான்கு பத்திகள், பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2.5. போதாததற்கு, விடுபட்ட ஐந்து இடங்களுக்கு ஏழு வாக்கியங்களிலிருந்து பொறுக்கிப் போடும் பகுதி. ஒரு நாள் பயிற்சித் தாளில் பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு முதியவரைப் பற்றிய கட்டுரை. நான்கு கேள்விக்கும் சரியான விடை குறித்திருந்தாள். நான் சும்மா, "அவர் ஏன் இதைச் செய்ய ஆரம்பித்தார்?" என்று கேட்டேன். விழித்தாள். "அந்தப் பத்தியைப் படிக்கவில்லை, அதிலிருந்து கேள்வி இல்லை" என்றாள். முழு மதிப்பெண்! அந்த மனிதர் யார் என்று தெரியாது, அவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாது. கேள்வியை முதலில் படி, அதில் உள்ள சொல்லைக் கட்டுரையில் தேடு, அந்த வரியை மட்டும் பார், விடையைக் குறி, நகர். இதற்குப் பெயர் வாசிப்பாம், அதுவும் புரிதலோடு கூடிய வாசிப்பாம்.

நீண்ட வாக்கியம் வந்தால் நொறுங்கிப்போகிறாள். அதற்கும் காரணம் இருக்கிறது. சீனத்தில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வந்துவிடும், நம் தமிழைப் போலவே. "நேற்று சந்தையில் என்னிடம் விலை கேட்ட பெண்" என்றுதான் அவர்களும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பெண் முதலில் வந்துவிடுவாள், அவளைப் பற்றிய செய்தியெல்லாம் பின்னால் வால்போல் நீளும், வினைச்சொல் எங்கோ போய் உட்கார்ந்திருக்கும். தமிழ் வழியில் படித்த எனக்கு அந்தத் திணறல் நன்றாகத் தெரியும். வகுப்பில் இதற்காக வாக்கியங்களைப் பல நிறத்தில் கோடிட்டு, அடைப்புக்குறி போட்டு அறுத்துக் காட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அறுத்ததோடு நின்றுவிடுகிறார்கள். அந்த மாதிரி வாக்கியங்கள் நூறு, இருநூறு, பிள்ளைக்குப் பிடித்த கதையில் தானாக வந்து போனால்தான் கண் பழகும். கதைப் புத்தகம் படிக்கிறேன் என்றால், மதிப்பெண்ணுக்கு உதவாததில் ஏன் நேரம் வீணாக்குகிறாய் என்கிறார்கள்.

இந்த மாகாணத்தில் மதிப்பெண் என்றால் ஊரே எழுந்து நிற்கும். 2018 நவம்பரில் நடந்த ஆங்கிலத் தேர்வில், வினாத்தாள் கடினம் என்று வாசிப்பிலும் எழுத்திலும் சில வினாக்களின் மதிப்பெண்ணை அதிகாரிகள் மாற்றிவிட்டார்கள். பெற்றோர் கொதித்தார்கள். விசாரணை நடந்தது, பழைய மதிப்பெண்ணே செல்லும் என்று அறிவித்தார்கள், மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் பதவி போனது. கொதித்தது நியாயம், நான் மறுக்கவில்லை. அந்தக் கோபத்தில் கால்பங்காவது, பத்து ஆண்டு படித்தும் தன் பிள்ளைக்கு ஒரு சாதாரண உரையாடல் புரியவில்லையே என்பதற்கு வர வேண்டாமா?

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். 2024-இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்த தேர்வு, இத்தனை பேருக்கு வேறு எப்படி வைப்பது என்று. தேர்வை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லையே! தேர்வு அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் இருக்கிற மூன்று ஆண்டுகளை ஏன் தேர்வாகவே நடத்துகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். மாற்ற முடியாது என்பதும் பொய். குவாங்டோங்கில் பல ஆண்டுகளாகக் கணினி முன் உட்கார்ந்து, கேட்ட கதையைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலுக்கும் பேச்சுக்கும் சேர்த்து 50 மதிப்பெண், அதுவும் ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு. கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றால் விடையைக் குருட்டாம்போக்கில் குறிக்க முடியாது, ஆசிரியரும் கொஞ்சமாவது சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஆசிரியர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு, மாதாமாதம் வகுப்புகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல், அதில் கீழே போனால் கிடைக்கும் ஏச்சு. அவர்களும் பாவம். பட்டியல் போடுகிறவர்கள் மீதும், தாள் அச்சடித்து விற்றே வாழ்கிறவர்கள் மீதும்தான் என் கோபம் எல்லாம்.

நேற்று அந்த அம்மாள் இன்னொரு கட்டுப் பயிற்சித் தாள் வாங்கி வந்துவிட்டார். கேட்டல் மட்டும் நாற்பது தொகுப்பு. அதை அந்தப் பெண் என்னிடம் தூக்கி வந்தாள். வினாப் பக்கங்களை எல்லாம் கிளிப் போட்டு மூடிவிட்டேன். ஒலிப்பதிவை மட்டும் போடுவோம், எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்திக் கேள், காதில் விழுந்ததை எழுது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று எனக்குச் சொல், அதன் பிறகு வேண்டுமானால் கேள்வியைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிறு மதியம் அவளுக்கு விடுமுறை. அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை, தாள் முடியாது என்கிறார். முடியாவிட்டால் போகட்டும் என்று நேற்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.