கொன்றால் புள்ளி தராத துப்பாக்கி ஆட்டம்

டேயஸ் எக்ஸ் என்ற கணினி கேம் பற்றிப் பேச்செடுத்தாலே இல்லுமினாட்டி, ஏரியா 51, சதிக்கோட்பாடு என்றுதான் போகும். கதை நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் 2000 ஜூனில் வந்த ஒரு கேமை இன்றைக்கும் உட்கார்ந்து ஆட வைப்பது அதன் கணக்கு வழக்கு. எதற்குக் கூலி கொடுக்கும், எதற்கு விலை கேட்கும் என்பதில் அதை உருவாக்கிய வாரன் ஸ்பெக்டர், ஹார்வி ஸ்மித் கூட்டணி அப்படியொரு கறார். (கதையின் சில திருப்பங்களைச் சொல்லப்போகிறேன். இன்னும் ஆடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

முதல் கறார்: ஆளைக் கொன்றால் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஸ்கில் பாயின்ட் (திறமைகளை ஏற்றச் செலவிடும் புள்ளி) கிடைப்பது வேலையை முடித்தால், அல்லது யாரும் எளிதில் போகாத ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தால். பத்துக் காவலாளிகளைச் சுட்டுத் தள்ளினால் மிச்சம் காலித் தோட்டாவும் தீர்ந்துபோன மெட்கிட்டும் (முதலுதவிப் பெட்டி)தான். அதே இடத்தைக் காற்றுக்குழாய் வழியாக ஊர்ந்து கடந்தால் கையிருப்பும் குறையாது, பெரும்பாலும் புள்ளியும் ஏறும். மற்ற ரோல்பிளேயிங் கேம்களில் எதிரி என்பவன் நடமாடும் உண்டியல், உடைத்தால் காசு. இங்கே அவன் வெறும் தடை. அவனை என்ன செய்வது என்பது முழுக்க உங்கள் மனசாட்சியும் தோட்டா இருப்பும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

தொடக்கத்தில் கையில் 5000 புள்ளி. 11 ஸ்கில், ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள். புதிதாக ஆடுபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: பிடித்த ஒன்றை மாஸ்டர் வரை ஏற்றிவிட வேண்டும் என்று புள்ளியைச் சேர்த்துவைப்பார்கள். பூட்டுத் திறக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு லாக்பிக், பயிற்சி இல்லாதவர் கையில் பூட்டின் பலத்தில் 10% குறைக்கும். முதல் பயிற்சியில் 25%, அடுத்ததில் 40%, மாஸ்டரில் 75%. 80% பூட்டு ஒன்று வந்தால் பயிற்சியில்லாதவருக்கு 8 லாக்பிக், அடுத்த படியில் 4, அதற்கடுத்து 2. மாஸ்டருக்கு? அதே 2. 10% பூட்டென்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆக, முதல் படியில்தான் லாபம் கொட்டுகிறது. கேமராவையும் கீபேடையும் முடக்கும் மல்டிடூலுக்கும் இதே கணக்கு.

கம்ப்யூட்டர் ஸ்கில்லை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதல் படியிலேயே ஏடிஎம்மையும் பாதுகாப்பு கன்சோலையும் ஹேக் செய்யலாம். இரண்டாம் படியில் தானியங்கித் துப்பாக்கிகளே உங்கள் பேச்சைக் கேட்கும். நீச்சல் ஸ்கில் விலை மலிவு. வாங்கினால் ஏன் மலிவு என்று தெரிந்துவிடும்.

துப்பாக்கி விஷயத்தில்தான் பலர் முதல் அரை மணி நேரத்திலேயே கேமை மூடிவிடுகிறார்கள். குறி வைக்கும் கோடுகள் நான்கு பக்கமும் விரிந்து நிற்கும். ஓடிக்கொண்டே சுட்டால் பக்கத்தில் நிற்பவன்மேல்கூடப் படாது. இது பழுதல்ல. அசையாமல் நின்றால் கோடுகள் மெல்லச் சுருங்கும், ஸ்கில் ஏற ஏற வேகமாகச் சுருங்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: லேசர் மாட் என்ற துப்பாக்கித் துணைக்கருவி. அதைப் பொருத்தி எரியவிட்டால் பயிற்சி இல்லாதவர் சுட்டாலும் சிவப்புப் புள்ளி விழும் இடத்திலேயே குண்டு போய் விழும். முதலில் கிடைக்கும் லேசரைப் பிஸ்டலுக்கு வீணாக்காமல் ஸ்னைப்பருக்கு வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

ஆளைக் கொல்லாமல் மயக்கத்தான் விருப்பம் என்றால் தடியோ மின்கோலோ எடுத்துப் பின்னால் பதுங்கிப்போய் இடுப்புக்குச் சற்று மேலே அடியுங்கள். தலையில் அடிப்பதைவிட இது நிச்சயம். மயக்க அம்பை நம்பிவிடாதீர்கள். அம்பு பட்டவன் உடனே விழமாட்டான், அலறிக்கொண்டு ஓடுவான். ஓடுகிற திசையில் அலாரம் பொத்தான் இருந்தால் தொலைந்தது.

முதல் லெவலான லிபர்ட்டி தீவு (நியூயார்க் சுதந்திர தேவி சிலை நிற்கும் இடம்) பெரியது, திறந்தவெளி, புதியவருக்குக் கொஞ்சம் கொடுமை. படகுத்துறையிலேயே, நீங்கள் ஆடும் ஏஜென்ட் ஜேசியின் அண்ணன் பால் டென்டன் மூன்றில் ஒரு ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வார்: ஸ்னைப்பர், சிறு குறுக்குவில், ஜெப் ராக்கெட். மொத்தச் சாமானுக்கும் இருப்பது 30 கட்டம். ஜெப் மட்டும் அதில் 8 கட்டத்தை விழுங்கும். இருந்தாலும் ரோந்து ரோபோவுக்குப் பயப்படுபவர்கள் அதையே கேளுங்கள், பூட்டிய கதவு பலவற்றுக்கும் அதுவே சாவி. சிலையின் முன்வாசலில் மோத வேண்டியதில்லை. வடக்குத் துறையில் நிற்கும் ஹார்லி ஃபில்பென்னிடம் பேசிச் சாவி வாங்கலாம், அல்லது பின்பக்கம் அடுக்கிய பெட்டிகள் மேல் ஏறிப் பீடத்துக்குப் போய்விடலாம். உள்ளே பிடிபட்டுக் கிடக்கும் சக ஏஜென்ட் குந்தரை விடுவிப்பதும் விடாததும் உங்கள் இஷ்டம். எல்லாரையும் கொன்று குவித்துவிட்டுத் தலைமையகத்துக்குத் திரும்பினால் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் சாம் கார்ட்டர் முகத்துக்கு நேராகவே கேட்பார். அலுவலகத்தில் பெண்கள் கழிவறைக்குள் நுழைந்து பார்த்தால் மேலதிகாரி மேண்டர்லி அதற்கும் ஒரு டோஸ் விடுவார். இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைக்கும் இடத்தில்தான் இந்த கேம் கவனிக்கும்.

உடலில் செயற்கைத் திறன் ஏற்றும் ஆக்மென்டேஷன் குப்பி ஒவ்வொன்றிலும் இரண்டு திறன் இருக்கும், ஒன்றைத்தான் பொருத்தலாம், பொருத்தினால் கழற்ற முடியாது. என் தேர்வு: காலுக்கு வேகம், உடலுக்கு ரீஜெனரேஷன் (காயத்தை ஆற்றும் திறன்). வேகம் இருந்தால் தாவும் உயரமும் கூடுகிறது, கதவே தேவைப்படாத இடங்கள் திறக்கின்றன. ரீஜெனரேஷன் இருந்தால் மெட்கிட் கட்டத்தை வேறெதற்காவது ஒதுக்கலாம். ஓசையில்லா நடையை எடுக்காதீர்கள், குனிந்து நடந்தாலே அந்த வேலை நடந்துவிடும்.

எல்லாவற்றையும்விட நான் மெச்சுவது, தேர்வு இருக்கிறது என்றே சொல்லாமல் தேர்வு வைத்திருக்கும் இடங்களை. ஓட்டல் அறையில் அண்ணன் பால் டென்டனைத் தேடி ஆட்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஜன்னல் வழியாகப் போய்விடு என்று அவரே கெஞ்சுகிறார். கேட்டு நடந்தால் அவர் செத்துப்போகிறார். கேட்காமல் நின்று சண்டையிட்டு முன்வாசல் வழியாக வெளியேறினால் பிழைக்கிறார், பின்னால் வரும் லெவல்களில் உயிரோடு பேசுகிறார். திரையில் அ, ஆ என்று எந்தப் பட்டியலும் வராது. விமானத்தில் எதிரணித் தலைவர் லெபெடேவைக் கொல்லச் சொல்லி சக ஏஜென்ட் அன்னா நவார் உத்தரவிடும் இடமும் அப்படியே. கொல்லலாம், கொல்லாமல் நின்றால் அன்னாவே கொல்வாள், அல்லது துப்பாக்கியை அன்னா பக்கம் திருப்பலாம். மூன்றாவதைச் செய்பவர்கள் குறுகலான வழியில் முன்கூட்டியே லாம் வெடியை ஒட்டிவைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அவள் சாகும்போது வெடிப்பாள், பக்கத்தில் நின்றால் நீங்களும் சேர்ந்து போவீர்கள்.

குறை இல்லாமலா? காவலாளிகளுக்கு ஞாபகமறதி நோய். சக ஊழியர் தரையில் கிடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ரோந்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஹாங்காங் பாத்திரங்களின் ஆங்கில உச்சரிப்பு காதைக் கூச வைக்கும். முக அசைவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. கடைசி ஏரியா 51-இல் லெவல் வடிவமைப்பும் இறுகி, முன்பிருந்த தாராளம் குறைந்துவிடுகிறது.

இப்போதைய கணினியில் ஓட்டுபவர்களுக்கு: கேம் ஆஃப் தி இயர் பதிப்பை வாங்குங்கள். பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம்) 60-இல் கட்டிப்போடுங்கள், இல்லாவிட்டால் வேகக்கணக்கு குழம்பும். ரசிகர்கள் செய்த, கேமைத் தொடங்கும் மாற்று லாஞ்சரையும் படத்தைத் திரையில் வரையும் டைரக்ட்எக்ஸ் 10 ரெண்டரரையும் சிஸ்டம் ஃபோல்டரில் போட்டால் அகலத்திரையும் வெளிச்சமும் சரியாகும். பார்வைக்கோணம் 75-இல் இருக்கும், 90 பக்கம் ஏற்றுங்கள். ரிவிஷன் என்ற ரசிகர்கள் செய்த மாற்றப் பதிப்பு வரைபடங்களையும் இசையையும் மாற்றிவிடுகிறது, முதல் முறை அது வேண்டாம், இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரியலிஸ்டிக் கடினநிலையும் அப்படித்தான். அதில் இரண்டு மூன்று குண்டிலேயே கதை முடியும், படகுத்துறையைத் தாண்டுவதற்குள் லோட் பொத்தான் தேய்ந்துவிடும்.